பதினோராம் குழாய்

பதினோராம் எண் குழாயில் இருந்தது யாருடைய இரத்தம் என்பது மேல் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். கிருஷாந்திக்கு மட்டும்தான் தெரியாது. அவளிடம் மறைக்க வேண்டும் என்று யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. பிள்ளைக்கு ஓர் உதவி செய்தோம் என்ற திருப்தியில் எல்லோரும் பேசாமல் இருந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவளாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா என்றால், அதுவும் சந்தேகம்தான்.

கிருஷாந்தி றொசல்ல ரயில் நிலையத்துக்கு மேலே இருக்கும் தோட்டத்துப் பிள்ளை. கொழுந்து பறிக்கும் ராசம்மாவின் ஒரே மகள். படித்து, இப்போது கண்டிப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருக்கிறாள். அங்கே ஆராய்வது லீஷ்மேனியா என்ற கிருமியை. கொசுவைவிடச் சின்னதான மணல் ஈ கடித்துப் பரப்புகிற கிருமி அது. நம் நாட்டில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். வலிக்காது, அரிக்காது, ஆனால் ஆறாத ஒரு புண். அபூர்வமாக யாரோ ஒருவருக்கு உள்ளே இறங்கி மண்ணீரலிலும் எலும்பு மச்சையிலும் குடியேறிவிடும். அப்படி இறங்கியதைக் கண்டுபிடித்து மருந்து கொடுக்காவிட்டால் ஆள் தப்ப மாட்டார். பொலன்னறுவை, அநுராதபுரம் என்று வெயில் காய்கிற ஊர்களில்தான் அந்த ஈ அதிகம். குளிரில் நடுங்கும் நம் மலைப் பக்கத்தில் அதற்குப் பிழைப்பு இல்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கோயிலடியில் யாராவது கேட்டால் ராசம்மா, "புண்ணு ஏன் ஆற மாட்டேங்குதுன்னு பாக்குற வேல" என்பாள். கேட்டவர்கள் உடனே காலைத் தூக்கி அட்டை கடித்த இடத்தைக் காட்டுவார்கள். கிருஷாந்திக்குச் சிரிப்பு வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

ஒரே ஈ கடித்து ஒரே கிருமி ஏறினாலும் ஒருவருக்குப் புண் சீக்கிரம் ஆறிவிடுகிறது, இன்னொருவருக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது. ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. இரத்தத்தில் இருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து, ஒரு பிளாஸ்டிக் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் போட்டு, செத்த கிருமியின் சாரத்தைச் சேர்த்து, உடம்புச் சூட்டில் சில நாள் வைத்திருப்பார்கள். அந்தக் கிருமியோடு முன்பே சண்டை போட்டு ஜெயித்த அணுக்கள் அதை அடையாளம் கண்டு ஒரு பொருளைச் சுரக்கும். கடைசியில் அந்த நீரை எடுத்துச் சாயம் ஏற்றினால் குழி மஞ்சளாகும். எவ்வளவு மஞ்சளோ அவ்வளவு எதிர்ப்பு. கிருமியைப் பார்த்தே இராத அணுக்கள் சும்மா கிடக்கும். அவற்றின் குழி தண்ணீர் நிறத்திலேயே இருக்கும்.

இதில் ஒரு பொல்லாத விஷயம் உண்டு. கிருமி உள்ளே இறங்கி ஆளையே சாய்த்துக்கொண்டிருக்கும்போதும் குழி மஞ்சளாகாது. அந்த அணுக்கள் கிருமியைப் பார்க்காதவை அல்ல, பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போனவை. ஒன்றுமே தெரியாதவனும், எல்லாம் தெரிந்து வாய் அடைத்துப்போனவனும் அந்தத் தட்டில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். கிருஷாந்திக்கு இது நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்தது.

ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்க, கிருமியையே அறியாத சுகதேகிகள் இருபது பேரின் இரத்தம் தேவைப்பட்டது. ஆராய்ச்சியின் தலைவர் டொக்டர் இரோமி ஒருநாள், "உங்கள் ஊரில் கிடைக்குமா? அந்தக் குளிரில் மணல் ஈ இருக்காதே" என்று சிங்களத்தில் கேட்டார். கிருஷாந்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேயிலையைத் தவிர வேறு எதற்காகவும் தன் தோட்டத்தை யாரும் கேட்டு அவள் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டாள். காய்ந்த ஊர்ப் பக்கமே போகாத ஆட்களாக இருக்க வேண்டும், இருபது பேர் வேண்டும் என்றாள். "இருவது என்னா, இருநூறு புடிச்சித் தாரேன்" என்றாள் ராசம்மா.

எடுத்த இரத்தம் அன்றைக்கே பரிசோதனைக்கூடத்துக்கு வந்து சேர வேண்டும். நேரமானால் அணுக்கள் செத்துவிடும். வந்ததும் பிரித்தெடுக்க ஆள் தயாராக நிற்க வேண்டும். அந்த வேலை கிருஷாந்தியுடையது. ஆகவே இரத்தம் எடுக்க வேனில் போனது சுனேத்ரா என்ற தாதியும் டிரைவரும்தான். கிருஷாந்தி கூடவே போயிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைக் காம்பராவில், பகலில் குழந்தைகள் தூங்கும் அந்த அறையில், குட்டி நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். பத்தொன்பது பேர் வந்து வரிசையாக நின்றார்கள். சுதாகரனை மட்டும் காணவில்லை.

சுதாகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆள் பார்க்கக் கதவு மாதிரி இருப்பான். வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் முதுகிலும் தொடையிலும் கொக்கி குத்தி, டிராக்டரில் கட்டிய கம்பத்தில் தொங்கிக்கொண்டு பறவைக் காவடி எடுப்பவன். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. ஆனால் ஆஸ்பத்திரி ஊசி என்றால் அவனுக்கு உயிர் போய்விடும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தபோது ஜன்னலால் குதித்து ஓடியவன். கிருஷாந்தி அதே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவள், அவளே பார்த்துச் சிரித்திருக்கிறாள். அன்றைக்கும் அவன் லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டத்தில், போஞ்சிப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

"இருவதுன்னு புள்ள வாய் தொறந்து கேட்டிருக்கா. பத்தொம்போது அனுப்புனா அவ அங்க எப்படி தல நிமிந்து நிப்பா?" என்று ராசம்மா பதறினாள்.

சுதாகரனின் தம்பி நிரோஷன் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். "விடுங்க அத்த. அண்ணன் பேருக்கு நான் போறேன்."

யாருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய வேலை அவர் பேரில் விழாது. அதனால் அக்காளுக்கு முடியாவிட்டால் தங்கச்சி போவாள், அண்ணனுக்குப் பதில் தம்பி போவான். கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். மலையில் ஆள் நின்று வேலை நடந்தால் அவருக்குப் போதும். ஒருவர் பேருக்குப் போனால் அன்றைக்கு அந்தப் பேராகவே நிற்க வேண்டும், அந்தப் பேருக்கு உரிய பதிலைத்தான் சொல்ல வேண்டும். காலம் காலமாக நடக்கிற ஒத்தாசை இது. இதில் பொய் இருப்பதாக யாரும் நினைப்பதில்லை.

சுனேத்ரா உடைந்த தமிழில் கேட்டாள்: "பொலன்னறுவ, அநுராதபுர, அந்தப் பக்கம் போய் இருந்ததா?"

நிரோஷன் அண்ணனாக நின்று யோசித்தான். அண்ணன் ஹட்டனைத் தாண்டிப் போய் ஓர் இரவு தங்கியது கிடையாது. "இல்லீங்க மிஸ்" என்றான். நிரோஷனோ பொலன்னறுவையில் ஓர் அரிசி மில்லில் இரண்டு போகம் வேலை செய்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தான். அது அவனுடைய பதில். அவனை யாரும் கேட்கவில்லை.

வேன் மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. குழாய்களை வாங்கியபோது கிருஷாந்தி கூட வந்த பெயர்ப் பட்டியலை இரண்டு முறை வாசித்தாள். எத்தனையோ பேர் இரத்தத்தைக் கையாண்டவள்தான். ஆனால் இவர்கள் அவள் பெயர் சொல்லி அழைக்கிற ஆட்கள். ஒவ்வொன்றையும் தெளிந்த திரவத்தின் மேல் மெதுவாக ஊற்றிச் சுழல விட்டாள். சிவப்பு அடியில் தங்கியது, மேலே மஞ்சள் நீர் நின்றது, நடுவில் வெள்ளை அணுக்கள் மெல்லிய ஆடையாகப் படிந்தன. அந்த ஆடையை உறிஞ்சி எடுத்து வேலையைத் தொடங்கினாள். மிஞ்சிய மஞ்சள் நீரைக் குட்டிக் குப்பிகளில் அடைத்துப் பெரிய ஃப்ரீசரில் போட்டாள். அன்று அறைக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது, மனசு நிறைந்திருந்தது.

முடிவு வந்தது. நோய் ஆறியவர்களின் குழிகள் நல்ல மஞ்சள். தோட்டத்து இருபதும் தண்ணீர் நிறம். டொக்டர் இரோமி தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதைவிடச் சுத்தமான இரத்தம் எங்கே கிடைக்கும்!" என்றார். கிருஷாந்தி அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா லயம் முழுக்கச் சொன்னாள். நம்ம இரத்தம் சுத்தமான இரத்தமாம் என்று கொஞ்ச நாள் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஓர் உறுத்தல். உடம்பு சண்டையை மூட்டிவிடச் சுரக்கும் பொருள் ஒன்று என்றால், சண்டையை அடக்கச் சுரக்கும் பொருள் இன்னொன்று. அந்த அடக்கும் பொருளையும் அளந்தார்கள். பத்தொன்பது பேருக்கு அது சொற்பம். பதினோராம் எண்ணுக்கு மட்டும் எக்கச்சக்கம். கிருமி உள்ளே இறங்கியவர்களிடம் அது அப்படித்தான் ஏறி நிற்கும். கிருஷாந்தி பதறிப்போய்ப் பெயர்ப் பட்டியலை எடுத்தாள். பதினொன்று யார் என்று பார்த்தாள். சுதாகரன்.

உடனே மனசு லேசாகிவிட்டது. சுதாகரன் அண்ணனா! ஊசிக்கு ஓடுகிறவர் தனக்காகக் கை நீட்டியிருக்கிறாரே என்று உருகிக்கூடப் போனாள். மலையை விட்டு இறங்காத ஆளுக்கு மணல் ஈ எங்கிருந்து வரும்? டொக்டர் இரோமியும், "வயிற்றுப் புழு இருந்தாலும் இது ஏறும். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறார்கள்தானே, எதற்கும் ஆளை ஒரு டொக்டரிடம் காட்டிப் பாருங்கள்" என்றார். வெறுங்கால் என்றது கிருஷாந்திக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுத்த லீவில் ஊருக்குப் போனாள்.

சுதாகரனை ஹட்டனுக்கு இழுத்துக்கொண்டு போய் வயிற்றை ஸ்கேன் எடுக்க வைத்தாள். மலம் பரிசோதிக்க வேண்டும் என்றதும் அவன் ஜாம் போத்தல் ஒன்றைத் தாளில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரும் உட்காராதபடி பார்த்துக்கொண்டே வந்தான். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். இரத்தம் எடுக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும்தான் அவன் முகத்தில் இரத்தமே வந்தது. ஸ்கேனில் மண்ணீரல் அளவாக இருந்தது. புழுவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுதாகரன் இரண்டு முறை அவள் பக்கம் திரும்பினான்.

"தங்கச்சி, அந்த ரத்தம்..."

"ஒண்ணும் இல்லண்ணே. நீங்க கல்லு மாதிரி இருக்கீங்க."

"அதுல எதாவது பெசகு இருந்தா ஒனக்கு வேலையில பிரச்சன வருமா?"

"வரும்தான். நல்ல வேள, ஒரு பெசகும் இல்ல."

அவன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

லயத்துக்கு வந்தபோது வாசலில் நிரோஷன் விறகு பிளந்துகொண்டிருந்தான். நாலு வெட்டுக்கு ஒரு முறை கோடரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். நல்ல வெயில் நேரத்தில் ஸ்வெட்டர் போட்டிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது.

"என்னாடா இப்படி எளச்சிட்ட? காச்சலா?"

"அந்தியானா கணகணன்னு வருதுக்கா. போயிரும். மழையில நனஞ்சதுதான்."

"பெனடோல் போட்டுட்டுப் படுத்துக்க" என்று சொல்லி, பையில் இருந்த மாத்திரை அட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள். அவன் மனைவி தனுஜா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். வாசலில் நின்றபடியே குடித்துவிட்டு, சுதாகரனின் ஜாம் போத்தலைச் சொல்லிச் சிரித்துவிட்டு, ரயிலுக்கு நேரமாகிறது என்று இறங்கினாள். தேடி வந்த ஆள் ஐந்தடி தூரத்தில் கோடரியோடு நின்றான். அவள் அவனுக்குக் கையசைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு மழைக்காலம். தனுஜாவின் போன் வந்தபோது மழை ஓய்ந்து பனி விழத் தொடங்கியிருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்களாம். குறைவதும் ஏறுவதுமாக இருந்ததாம். ஆள் எலும்பும் தோலுமாகி, வயிறு மட்டும் வீங்கி, மூக்கால் இரத்தம் வரத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"மலேரியா இல்லையாம்க்கா, டிபி இல்லையாம்க்கா. இப்ப ரத்தத்துல புத்துநோயா இருக்கும்னு பேசிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க வந்து டொக்டர்கிட்ட கேளுங்க" என்று தனுஜா அழுதாள்.

கிருஷாந்தி அன்றைக்கே போனாள். வார்டின் கோடியில் கட்டிலில் கிடந்தவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சுதாகரன் பக்கத்தில் நின்றதால்தான் தெரிந்தது. நிரோஷனின் முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது. போர்வைக்கு மேலேயே வயிறு தெரிந்தது. அவள் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தாள். மண்ணீரல் தொப்புள்வரை இறங்கிக் கெட்டியாக நின்றது. புத்தகத்தில் படமாகப் பார்த்தது கைக்குள் கிடந்தது.

"நிரோஷா, நீ வெளியூர்ல வேல செஞ்சியே, அது எங்கடா?"

"பொலன்னறுவயிலக்கா. அரிசி மில்லு. மில்லுக்குப் பின்னாலதான் படுக்குறது."

கொழும்பில் ஏதாவது கடையில் நின்றிருப்பான் என்று அவளாக நினைத்திருந்தாள். தோட்டத்துப் பையன்கள் பெரும்பாலும் அங்கேதான் போவார்கள். அவள் கேட்டதே இல்லை.

"ஒன் ரத்தம் எடுத்து அனுப்ப முடியுமான்னு டொக்டர்கிட்ட கேக்குறேன்" என்று எழுந்தாள்.

நிரோஷன் லேசாகச் சிரித்தான். உதடு வெடித்திருந்தது. "எங்கிட்டயிருந்து எடுக்க இனிமே என்னாக்கா இருக்கு. ஒங்ககிட்டதான் ஏற்கெனவே இருக்கே."

"எங்கிட்டயா?"

அவன் அண்ணனைப் பார்த்தான். சுதாகரன் தரையைப் பார்த்தான்.

"அன்னைக்கி அண்ணன் பேருக்கு நான்தான் குடுத்தேன்" என்றான் நிரோஷன். "நீங்க ஹட்டன் போயிட்டு வந்த பொறகு அத்ததான் ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க. ஒங்களுக்கு வேலையில கரச்சல் வரும்னு."

கிருஷாந்தி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பதினொன்று. அந்தத் தண்ணீர் நிறக் குழி. அந்த அடக்கும் பொருள். ஹட்டன், ஸ்கேன், ஜாம் போத்தல், பெனடோல் அட்டை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

வார்டு டொக்டரிடம் ஓடினாள். இளவயசுக்காரர், அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மலையகத்து ஆளுக்கு அது வந்து அவர் பார்த்ததே இல்லை என்றார். ஆனால் மறுக்கவில்லை. எலும்பு மச்சை எடுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் தானும் ஒன்றைச் செய்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அவள் கண்டிக்கு பஸ் ஏறினாள்.

ஃப்ரீசரைத் திறந்தபோது குளிர்ப் புகை முகத்தில் அடித்தது. பதினோராம் எண் குப்பி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளங்கையில் வைத்து உருக்கினாள். கிருமியைக் காட்டிக்கொடுக்கும் பரிசோதனைப் பட்டி ஒன்று உண்டு, விரல் நீளம். ஒரு சொட்டு விட்டால் போதும். கோடு ஒன்று என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. ஒரு சொட்டு விட்டாள். முதல் கோடு வந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது வந்தது. மங்கலாக வரவில்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல், முதல் கோட்டைவிட அழுத்தமாக வந்தது.

இந்தச் சோதனைக்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அந்த இரத்தம் வந்த அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம். அன்று நிரோஷன் விறகு பிளக்கிற தெம்போடு இருந்தான். அப்போதே மருந்து கொடுத்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்திருக்க மாட்டான். இவ்வளவு நாளும் அவனுடைய நோய் அவள் கைக்கெட்டும் தூரத்தில், அவள் தினமும் திறந்து மூடுகிற பெட்டிக்குள், அவள் கையெழுத்தில் எண் போட்டுக் கிடந்திருக்கிறது. கிருஷாந்தி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். டொக்டர் இரோமி வந்து பட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டார்.

எலும்பு மச்சையிலும் கிருமி இருந்தது. அதற்கு உரிய மருந்து கொழும்பில் இருந்து வர வேண்டியிருந்தது. டொக்டர் இரோமி தனக்குத் தெரிந்த எல்லோரையும் கூப்பிட்டார். மருந்து வந்தது, ஏற்றவும் தொடங்கினார்கள். காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. தனுஜா போனில் முதல் தடவையாகச் சிரித்தாள். "கஞ்சி கேட்டாருங்கா" என்றாள். ஆனால் உடம்பில் எதிர்க்க ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டியது, அதற்கு வேறு மருந்து ஏற்றினார்கள். பிறகு வாயாலும் மூக்காலும் இரத்தம் வந்தது, அதை நிறுத்த முடியவில்லை. கிருஷாந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். அந்தக் கிருமியைப் பற்றி அந்த வார்டில் யாரையும்விட அவளுக்கு அதிகம் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு அவளால் செய்ய முடிந்தது, ஈரத் துணியால் அவன் வாயைத் துடைத்துவிடுவதுதான். விடியும் முன்னே நிரோஷன் போய்விட்டான்.

உடல் ஊருக்குப் போன பிறகு டொக்டர் இரோமி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ரொம்ப நேரம் ஆறுதல் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி வேலைப் பேச்சுக்கு வந்தார். "பதினொன்றை எடுத்துவிட வேண்டும், கிருஷாந்தி. அதைச் சுகதேகி என்று சேர்க்க முடியாது."

"இருபது வேண்டுமே, மேடம்? மேலே போய் இன்னொருவரிடம் எடுக்கட்டுமா?"

"தேவையில்லை. பத்தொன்பதே போதும். முடிவு ஒன்றும் மாறாது."

கிருஷாந்தி சரி என்று தலையாட்டினாள். கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பத்தொன்பதே போதும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே போன் போட்டு இதைச் சொல்லியிருக்கலாம். இருபது என்று யார் அப்படி அடித்துச் சொன்னது? அவள்தான் சொன்னாள். சும்மா, முழுசாக இருக்கட்டும் என்று டொக்டர் இரோமி சொன்ன எண்ணை, வேதவாக்காக அம்மாவிடம் சொன்னவள் அவள்தான்.

கருமாதி அன்று ஊருக்குப் போனாள். பந்தலின் கீழ் லயமே கூடியிருந்தது. தனுஜா ஒரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராசம்மா மகளைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஒனக்கு நல்லது செய்யிறதா நெனச்சித்தானேம்மா செஞ்சோம்" என்றாள். கிருஷாந்தி அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பத்தொன்பது போதும் என்பதை அம்மாவிடம் சொல்லக் கூடாது, இந்த லயத்தில் ஒருவரிடமும் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்போது சுதாகரன் வந்தான். மொட்டை அடித்திருந்தான். அவள் ஊரை விட்டுப் புறப்பட்டுவிடுவாளோ என்று அவசரமாக வந்தவன் போல மூச்சு வாங்கினான்.

"ஒன்னைய ஆபீஸ்ல ஏசுனாங்களா?"

"இல்லண்ணே."

"எனக்குத் தெரியும், நீ சொல்ல மாட்ட. பஸ்ஸுல வச்சே சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு தங்கச்சி. ஊசிக்குப் பயந்துட்டு தம்பிய அனுப்பிச்சேன்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது? ஒனக்கு வேல போயிருமேன்னும் பயம். அன்னைக்கி சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பானா?"

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சட்டையின் இடது கை பொத்தானைக் கழற்றி, தோள்வரை மடித்து, கையை அவள் முன்னால் நீட்டினான். பெரிய கை. காவடிக் கொக்கியில் தொங்கும்போதும் அசையாத அந்தக் கை இப்போது மணிக்கட்டில் இருந்து தோள்வரை வெடவெடவென்று நடுங்கியது.

"எடுத்துக்க" என்றான். "என் பேருக்கு நானே குடுக்குறேன். இருவது சரியா வரணும்ல. அவன் குடுத்தது வீணாப் போகக் கூடாது."

முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கிருஷாந்தியிடம் ஊசியும் இல்லை, குழாயும் இல்லை. வேண்டாம் அண்ணே, பத்தொன்பதே போதும் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். முழங்கை மடிப்பில் நரம்பு துடித்தது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள்.

"இன்னும் குத்தலியா தங்கச்சி?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான் சுதாகரன்.